பெரிய வாகன வேலை பழகலாமா?

வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலை கனரக வாகனத் திருத்துநர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: என் தம்பிக்கு 18 வயது. சாதாரண தரத்தில் கணிதம் கிடைக்கவில்லை. அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கராஜில் ஒரு வருடமாக டிப்பர், லொறி வேலை பழகுகிறான். மதியச் சாப்பாடும் பஸ் காசும்தான் கிடைக்கிறது. "விட்டுட்டு மாமாவோட கட்டாருக்குப் போ" என்கிறார் அப்பா. அவன் மாட்டேன் என்கிறான். இதில் அவனுக்கு எதிர்காலம் உண்டா?
– ஒரு சகோதரி, மூதூர்

பதில்: உண்டு தங்கச்சி. ஆனால் இப்போது நிற்கிற மாதிரியே நின்றால், எத்தனை வருடம் போனாலும் அவன் 'கராஜில் நிற்கிற பெடியன்'தான். வேலை கையில் இருக்கும், காட்டுவதற்குக் கடதாசி இருக்காது.

நைட்டா என்று நாங்கள் சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்டக் காரியாலயத்துக்கு, முதலாளியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரிய கம்பனிகளில் மட்டுமல்ல, சிறிய கராஜில் வைத்தே பழகவும் அவர்களிடம் வழி இருக்கிறது. 1971இல் பயிலுநர் சட்டம் வந்ததிலிருந்து இந்த நாட்டில் தொழில் பழகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நம்முடைய பிள்ளைகள்தான் அதைக் கேட்டுப் போவதில்லை. பதிந்தால் பழகும் வேலை குறிப்பேட்டில் ஏறும், கடைசியில் மதிப்பீடு நடக்கும். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமையில் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். கராஜில் பழகியவர்கள் அனுபவத்தை வைத்தே மதிப்பீட்டுக்குத் தோற்றவும் முடியும். அங்கே வேலையைச் செய்து காட்ட வேண்டும். கணிதம் தவறியதை நினைத்து அவன் தலை குனியத் தேவையில்லை.

அதைவிட எனக்கு முக்கியம், அந்தக் கராஜில் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பது. இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, 6 சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு டெப்பெட் வைப்பது, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, எப்படி? இங்கே ஓடுகிற லொறிகளில் சிலிண்டர்கள் எரியும் வரிசை அநேகமாக 1-5-3-6-2-4. முதலாவதுக்கு வைக்க ஆறாவதைப் பார்க்க வேண்டும். ஆறாவதில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்குகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தினால், முதலாவதில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். இதேபோல 5க்கு வைக்க 2ஐயும், 3க்கு வைக்க 4ஐயும் பார்க்க வேண்டும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். ஏன் ஆறாவதைப் பார்க்கிறோம் என்று தம்பி விளக்கினால் அவன் நல்ல கையில் இருக்கிறான். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதோடும் டயர் கழுவுவதோடும் நிற்கிறான் என்றால், வேறு இடம் பாருங்கள்.

மற்றது, உயிர் சம்பந்தப்பட்டது. டிப்பரின் பின் சில்லுப் பக்கம் இருக்கும், காற்றால் இயங்கும் பிரேக் சேம்பருக்குள் பலமான ஸ்பிரிங் ஒன்று அமுங்கிக் கிடக்கும். காற்று இருக்கும்வரை அது அடங்கியிருக்கும்; காற்று இறங்கினால் விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். காற்று ஏறாத டிப்பர் அசையாமல் நிற்பது அதனால்தான். அந்த ஸ்பிரிங்கை அதற்குரிய நீளப் போல்ட்டைப் போட்டு இழுத்துப் பூட்டாமல் கிளாம்பைக் கழற்றினால் மூடி பறந்து வந்து அடிக்கும். ஆள் பிழைப்பது கஷ்டம். அதேபோல, டிப்பரின் தூக்கிய பெட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் கீழே தலையை நீட்டவே கூடாது. இதையெல்லாம் முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுக்காத கராஜில் உங்கள் தம்பியை ஒரு நாளும் விடாதீர்கள்.

பஸ் காசு மட்டும் கொடுப்பது நியாயமில்லை. பதியும்போதே கொடுப்பனவைப் பேசி எழுத்தில் வாங்குங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: கட்டாருக்குப் போவதென்றாலும் கையில் சான்றிதழோடு மெக்கானிக்காகப் போகட்டும். வெறுங்கையோடு போனால் கிடைக்கிற வேலைதான் செய்ய வேண்டும். போகாவிட்டாலும் நம் ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. சீனக்குடாவில் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள் என்று லொறியும் பவுசரும் ஓயாத இடம் இது. பஸ் டிப்போவும் இருக்கிறது.

கேள்வி: மகள் உயர்தரத்தில் தொழினுட்பம் படித்தவள். பெரிய வாகன வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைக்குச் சரிவருமா?
– ஒரு தந்தை, கிண்ணியா

பதில்: தாராளமாகச் சரிவரும் நானா. பாரம் தூக்க ஜக்கும் செயின் புளொக்கும் இருக்கின்றன. இப்போது வரும், டீசல் பாய்ச்சுவதைக் கணினி கட்டுப்படுத்துகிற கொமன் ரெயில் எஞ்சினில் பிழையைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் மாட்டி, வயரிங் படம் வாசிக்கத் தெரிய வேண்டும். படித்த பிள்ளைக்கு அது கைகொடுக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனத் தொழினுட்பமும் அங்கே உண்டு. விடுதி பற்றியும், பயிற்சிக்கு எந்தக் கராஜுக்கு அனுப்புவார்கள் என்பது பற்றியும் நேரில் போய்க் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், வேர்க்ஷொப்பை அவள் தன் கண்ணால் பார்க்கட்டும்.