பதிவு எண் அப்புறம், நோட்டுப் புத்தகம் முதலில்

கேள்வி: என் அண்ணனுக்கு சிஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகக் குரல் கொடுக்கும் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்க ஆசைப்படுகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இந்த ஆசையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பெயர், லோகோ, பதிவு என்றுதான் இறங்குவார்கள். அதற்கெல்லாம் ஒரு வக்கீலும் ஆடிட்டரும் போதும், சில மாதத்தில் முடிந்துவிடும். யாருடைய எந்தக் கஷ்டத்துக்காக இந்த அமைப்பு என்பதை முடிவு செய்வதுதான் சிரமம்.

ரத்தப் புற்றுநோய் ஒரே நோய் இல்லையே. உங்கள் அண்ணனுக்கு மாத்திரை தடையில்லாமல் கிடைக்க வேண்டும், ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் பிசிஆர் பரிசோதனை தவறாமல் நடக்க வேண்டும். வேகமாக முற்றும் தீவிர லுக்கேமியா என்ற வகை வந்தவருக்கோ சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வேண்டும். தானமாகப் பெற்ற தட்டணுக்கள் ஐந்து முதல் ஏழு நாள்தான் தாங்கும். மைலோமா என்ற இன்னொரு வகையில், வெறும் முதுகுவலி என்று மாதக்கணக்கில் அலைந்த பிறகே நோய் பிடிபடுவது உண்டு. மூன்றுக்கும் ஒரே அமைப்பு போராடினால் எதுவும் உருப்படியாக நடக்காது என்பது என் எண்ணம்.

லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய் 1974இல் செய்ததைப் பாருங்கள். அவருடைய மகனுக்கு வந்தது புற்றுநோய்கூட இல்லை, அரிய பரம்பரை நோய். பொருந்துகிற எலும்பு மஜ்ஜை வேண்டியிருந்தது. உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பே நாலில் ஒன்றுதான். அதனால் உறவில்லாத கொடையாளர்களின் பதிவேட்டை உருவாக்கினார். மகன் 1979இல் இறந்துவிட்டான். பதிவேடு நிலைத்து நின்றது; இன்று அது ரத்தப் புற்றுநோயாளிகள் பலருக்குக் கை கொடுக்கிறது. அவர் எடுத்தது ஒரே ஒரு தேவை.

எனவே முதலில் இருபது நோயாளிகளிடம் பேசுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் கிடைக்கவில்லை, பரிசோதனை முடிவு எப்போது வந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள். ஒருவருக்கு மாத்திரை வாங்கித் தருவது உதவி. அது ஏன் கிடைக்கவில்லை என்று அதிகாரியிடம் கேட்பதுதான் குரல் கொடுப்பது. கேட்கப் போகும்போது கண்ணீரைவிட அந்த நோட்டுப் புத்தகம் அதிகம் பேசும்.

அப்புறம் பணம். கொஞ்சம் பெயர் வந்ததும் மருந்து நிறுவனங்கள் தாமாகவே தேடி வரும். வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்தில் ஒப்பந்தம் இருக்கட்டும், தொகையை வெளியிடுங்கள், நீங்கள் எழுதுவதில் அவர்கள் கை வைக்கக் கூடாது. எந்த ஒரு நிறுவனத்தின் பணமும் மொத்த வரவில் கால் பங்கைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால், அந்த நிறுவனம் விலையை ஏற்றும் நாளில் உங்களுக்கு வாய் வராது.

இன்னொரு ஆபத்து, மருத்துவ ஆலோசனை. சிஎம்எல்லில் நோய் மிக ஆழமாக அடங்கி, சில ஆண்டுகள் அப்படியே நீடித்தால், மருத்துவர் கண்காணிப்பில் சிலர் மாத்திரையை நிறுத்துவது உண்டு. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்பி, மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டி வருகிறது. இந்தச் செய்தியை அரைகுறையாகக் கேட்டு யாராவது தாமாக நிறுத்திவிட்டால்? ரத்தவியல் மருத்துவர் ஒருவர் முதல் நாளிலிருந்தே உங்களோடு இருக்க வேண்டும்.

சரி, உங்கள் கடிதத்தில் ஒன்றைத் தேடினேன், காணவில்லை: அண்ணன் இதைப் பற்றி என்ன சொல்கிறார்? வேலை செய்யும் இடத்தில் நோயைச் சொல்லாமலே காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் பேட்டி எடுக்க வேண்டிய அந்த இருபது பேரில் முதல் ஆள் அவர்தான்.