சம்பளம் வரல, ஏஜென்ட் காசு கேக்கான், லீக் நின்னு போச்சி: நெல்லைப் பக்கத்து ஃபுட்பால் கேள்வி-பதில்

இந்தத் தடவ வந்த கேள்வில முக்காவாசி காசு சம்பந்தப்பட்டதுதான். சம்பளம், காண்ட்ராக்ட், ஏஜென்ட், லீக் நடக்குமா நடக்காதா. 2025ல இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நின்ன குழப்பத்துக்குப் பொறவு நம்ம பக்கத்துப் பயலுவ எத்தன பேரு மனசு விட்டுப் போயிருக்காங்கன்னு மெசேஜப் படிச்சாலே தெரியுது. பேரு போடல, ஊரு மட்டும் போட்டு பதில் சொல்லுதேன்.

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, வெளி மாநிலத்துல ஒரு கிளப்ல ஆடுதேன். மூணு மாசமா சம்பளம் வரல. கேட்டா மேனேஜர் "அடுத்த வாரம், அடுத்த வாரம்"னு வாய்ஸ் நோட்டு அனுப்புதாரு. பேக்கத் தூக்கிட்டு ஊருக்கு வந்துரட்டுமா?

வந்துராத தம்பி, அதான் மொதல் விஷயம். நோட்டீஸ் குடுக்காம நீ கெளம்பிட்டன்னா நாளைக்கு கிளப் என்ன சொல்லும், சம்பள பாக்கியப் பத்தி வாயே தெறக்காது, "பிளேயர் சொல்லாம கொள்ளாம ஓடிட்டான், காண்ட்ராக்ட மீறிட்டான்"னு உம்மேலயே புகார் குடுக்கும். நீ வாங்க வேண்டிய எடத்துல குடுக்க வேண்டியவனா நிப்ப.

ஒலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபாவோட டிரான்ஸ்ஃபர் விதில 14பிஸ்னு ஒண்ணு இருக்கு, 2018ல சேத்தாங்க. ரெண்டு மாச சம்பளத்த கிளப் குடுக்காம வச்சிருந்தா, பிளேயர் எழுத்துல நோட்டீஸ் குடுத்து பாக்கிய முழுசா தீக்க கொறஞ்சது 15 நாள் டயம் தரணும், அதுக்குள்ளயும் வரலன்னா நியாயமான காரணத்தோட காண்ட்ராக்ட முறிச்சிக்கிடலாம், தப்பு கிளப் மேலதான். வெளிநாட்டு பிளேயரா இருந்தா நேரா ஃபிஃபாவுக்கே போலாம், சம்பவம் நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போகணும். நீ இந்திய கிளப்ல ஆடுற இந்தியன், ஒங்கேஸ் இந்திய ஃபுட்பால் சங்கமான ஏஐஎஃப்எஃப்போட பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டிக்குப் போவும், ஆனா அங்கயும் கேக்குறது இதே பேப்பர்தான்: நோட்டீஸ் குடுத்தியா, எந்தத் தேதி, பாக்கி எவ்ளோ.

அதனால நாளைக்குக் காலைல செய்ய வேண்டியது. காண்ட்ராக்ட் காப்பி கைல இருக்கான்னு பாரு, இல்லன்னா கிளப்புக்கு மெயில் போட்டு கேளு. நான் பாத்த ஒரு பயலோட காண்ட்ராக்ட்ல சம்பளம்ங்கிற எடத்துல வெறும் கோடு, ரப்பர் ஸ்டாம்பு மட்டும் அழகா குத்தியிருக்கு, எவ்ளோன்னு யாரு சொல்லுவா? அதோட பேங்க் ஸ்டேட்மென்ட் எடு, கடைசி சம்பளம் எந்தத் தேதி ஏறிச்சின்னு அதுல தெரியும். அந்த வாய்ஸ் நோட்ட அழிச்சிராத, சாட்டோட எக்ஸ்போர்ட் பண்ணி வையி, "குடுக்க வேண்டியிருக்கு"ன்னு அவங்களே ஒத்துக்கிட்டதுக்கு அதான் ஆதாரம். நோட்டீஸ் நாள் ஓடுற வரைக்கும் பிராக்டிஸுக்கு மட்டும் போகாம இருந்துராத, மனசு வலிச்சாலும் போ.

ஃபிஃபால கிளப் தோத்தா 45 நாளுக்குள்ள காசு கட்டணும், கட்டலன்னா புது பிளேயர ரெஜிஸ்டர் பண்ணவே தடை, அது மூணு விண்டோ (புது ஆள் சேக்குற காலம்) வரைக்கும் நீளும். நம்ம நாட்டுல பெரிய பேருள்ள கிளப்புங்களே வெளிநாட்டு பிளேயர் பாக்கிக்காக அந்தத் தடைல மாட்டியிருக்கு. கெஞ்சினப்போ வராத காசு தடை வந்ததும் எப்பிடி வருதுன்னு நான் பாத்திருக்கேன்.

மேலப்பாளையம் அத்தா ஒருத்தர்: மகனுக்கு 16 வயசு, நல்லா ஆடுவான். போர்ச்சுகல்ல டிரையல் ஏற்பாடு பண்ணுதேன், 4 லட்சம் குடுங்கன்னு ஒரு ஏஜென்ட் சொல்லுதாரு. நம்பலாமா பாய்?

குடுக்காதீங்க பாய். 18 வயசுக்குக் கீழ உள்ள பையன ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாத்தக் கூடாதுன்னு ஃபிஃபா விதி 19 சொல்லுது. விதிவிலக்கு உண்டு, பெத்தவங்க ஃபுட்பாலுக்கு சம்பந்தமில்லாத வேற வேலையா அந்த நாட்டுக்கே குடிபோயிருந்தா ஒண்ணு, பார்டர ஒட்டி வீடு இருந்தா ஒண்ணு, 16 வயசுக்கு மேல ஐரோப்பிய யூனியனுக்குள்ளயே மாறினா ஒண்ணு. மேலப்பாளையத்துல இருந்து போற பையன் இதுல எதுலயும் வரமாட்டான். பார்சிலோனாவே சின்னப் பயலுவள இந்த விதிய மீறி சேத்ததுக்கு 2014ல தண்டன வாங்கி, 2015ல பூரா புது பிளேயர ரெஜிஸ்டர் பண்ண முடியாம கெடந்துச்சி. அவ்ளோ பெரிய கிளப்புக்கே அந்த கதின்னா, டூரிஸ்ட் விசால போயி எறங்குற ஒங்க மகன எந்த கிளப் எப்பிடி ரெஜிஸ்டர் பண்ணும்?

இன்னொண்ணு. ஏஜென்ட்டுக்கு வருமானம், காண்ட்ராக்ட் ஆன பொறவு சம்பளத்துல ஒரு பங்கு. டிரையலுக்கு முன்பணம் கேக்குறவன் ஏஜென்ட் வேல பாக்கல, வேற தொழில் பாக்கான். 2023ல இருந்து ஏஜென்ட்டா இருக்க ஃபிஃபா பரீட்ச எழுதி லைசென்ஸ் வாங்கணும், லைசென்ஸ் உள்ளவங்க பேரு ஃபிஃபா சைட்ல இருக்கு, ஒங்க மருமகனோ யாரோ போன்ல தேடித் தருவாங்க. 18க்குக் கீழ உள்ள பையன்னா அதுக்குன்னு தனி கோர்ஸ் முடிச்சிருக்கணும், பெத்தவங்க எழுத்துல சம்மதமும் வேணும். அந்த ஆளுட்ட கிளப்போட அழைப்புக் கடிதத்தக் கேளுங்க, வந்தா அந்தக் கடிதத்துல உள்ள நம்பருக்குப் பேசாதீங்க, கிளப்போட சொந்த சைட்ல உள்ள மெயிலுக்கு எழுதி கேளுங்க.

கொளும்பு, கல்ஃப்னு போயி சம்பாதிச்ச குடும்பம் நெறைய உள்ள ஊரு ஒங்க ஊரு, விசா ஏமாத்து எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதே ஏமாத்து பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்திருக்கு. அந்த 4 லட்சத்துல பையன் ரெண்டு மூணு வருசம் நல்ல அகாடமில தங்கி படிச்சிக்கிட்டே ஆடலாம்.

தூத்துக்குடி அண்ணாச்சி: கோடி கோடியா வாங்குற பிளேயர்க்கு எதுக்கு யூனியன், ஸ்ட்ரைக்? ஹார்பர்ல மூட்ட தூக்குறவன் பண்ணுனா அது நியாயம்.

ஒங்க ஊர்ல இருந்து இந்தக் கேள்வி வரும்னு நான் நெனக்கல அண்ணாச்சி. 1908ல கோரல் மில் தொழிலாளிங்க வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பின்னால நின்னு வேலைய நிறுத்தினாங்க, கூலி கூடிச்சி, ஞாயித்துக்கெழம லீவு கெடச்சிச்சி. பாளையங்கோட்டைல நம்ம பயலுவ ஆடி வளர்ந்த மைதானத்துக்கு வ.உ.சி. பேருதான் வச்சிருக்கு. அந்த மில் தொழிலாளிங்க கேட்டதத்தான் பிளேயரும் கேட்டான்.

இங்கிலாந்துல 1961 ஜனவரி வரைக்கும் ஒரு பிளேயர்க்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு விதி. கிரவுண்டுல எத்தன ஆயிரம் பேரு டிக்கெட் எடுத்தாலும் 20 பவுண்டுதான், மிச்சமெல்லாம் முதலாளிக்கு. ஜிம்மி ஹில் தலைமைல யூனியன் ஸ்ட்ரைக் அறிவிச்சாங்க, ஸ்ட்ரைக் தேதி வாறதுக்கு முன்னாலயே லீக் எறங்கி வந்துட்டு. காசு ஒருபக்கம் இருக்கட்டும், ஆளயே கட்டி வச்சிருந்தாங்க. காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் கிளப் விடலன்னா வேற கிளப்ல ஆட முடியாது. நியூகாசில் ஜார்ஜ் ஈஸ்டாம விடமாட்டேன்னு சொல்ல, அந்த மனுசன் ஆட்டத்த விட்டுட்டு கார்க் (தக்கை) விக்கப் போனாரு, பொறவு ஆர்சனலுக்கு விட்டாங்க, ஆனாலும் கேஸ விடாம நடத்தி 1963ல ஜெயிச்சாரு. அதுக்கும் பொறவு முப்பது வருசம் கழிச்சி, பெல்ஜியத்துல லியேஜ் கிளப் போஸ்மான்கிற பிளேயர காண்ட்ராக்ட் முடிஞ்ச பொறவும் டன்கெர்க்குக்கு விடல, சம்பளத்த வேற கால்வாசியா கொறச்சிட்டாங்க. 1995 டிசம்பர் 15ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சி, காண்ட்ராக்ட் முடிஞ்சா பிளேயர் ஃப்ரீ. இன்னைக்கி கோடி வாங்குற ஒவ்வொருத்தனும் இந்த ரெண்டு பேரும் கஷ்டப்பட்டதாலதான் சாப்பிடுதான், போஸ்மானுக்கு அதுல பெருசா ஒண்ணும் கெடைக்கல, கஷ்டப்பட்டுத்தான் இருந்தாரு.

ஸ்பெயின்ல 2023ல பெண்கள் லீக் பிளேயருங்க ஸ்ட்ரைக் பண்ணினாங்க, மினிமம் சம்பளம் வருசத்துக்கு 16,000 யூரோல இருந்து 21,000 ஆச்சி. கோடிக்கெல்லாம் இல்ல அண்ணாச்சி, வாடக குடுக்குற காசுக்கு.

பாளையங்கோட்டை காலேஜ் மாணவர்: ஐஎஸ்எல் ஏன் நின்னுச்சி? ஃபுட்பாலுக்குள்ள கோர்ட் ஏன் வருது?

சுருக்கமா சொல்லுதேன். 2010ல ஏஐஎஃப்எஃப் தன்னோட கமர்ஷியல் உரிமைய 15 வருசத்துக்கு ஒரே கம்பெனிக்கு குடுத்துச்சி, பின்னாடி வருசத்துக்கு 50 கோடின்னு அதுல காசு வந்துச்சி. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 வரைக்கும்தான். புதுசு போடணும்னா சங்கத்தோட சட்டவிதி வழக்கு அப்போ சுப்ரீம் கோர்ட்ல நின்னுச்சி. சீசன் பாதில ஒப்பந்தம் முடியுதுன்னா நாங்க எத வச்சி நடத்தன்னு கேட்டு 2025 ஜூலைல லீக நடத்துற கம்பெனி நிறுத்தி வச்சிட்டு, கிளப்புங்க ஒண்ணு ரெண்டா சம்பளத்த நிறுத்த ஆரம்பிச்சி. பதினஞ்சு வருசமா முடியுற தேதி எல்லாருக்கும் தெரியும், அத வச்சிக்கிட்டு கடைசி வருசம் வரைக்கும் ஒரு மாத்து வழி பண்ணாம இருந்தது பெரிய பொறுப்பில்லாத்தனம்னு நான் நெனக்கேன். பாதிக்கப்பட்டது பிளேயரும், கிட்மேனும், பிசியோவும்.

கோர்ட் வந்தாலும் கஷ்டம், வராட்டாலும் கஷ்டம். பதவிக்காலம் முடிஞ்சும் நிர்வாகம் எலெக்ஷன் வைக்காம ஓட்டினதால 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு கமிட்டி போட்டுச்சி, அது வெளியாள் தலையீடுன்னு ஃபிஃபா அந்த ஆகஸ்ட்ல இந்தியாவயே தடை பண்ணிட்டு, 26ந் தேதிதான் எடுத்தாங்க. அந்த கொஞ்ச நாளுக்குள்ள பலியானது கோகுலம் கேரளா பெண்கள் டீம், ஆசிய போட்டிக்கு உஸ்பெகிஸ்தான் போயி எறங்கிட்டாங்க, ஆடாமலே திரும்பி வந்தாங்க. எலெக்ஷன் வைக்காதது யாரோ, ஆட்டம் போனது அந்தப் பிள்ளைகளுக்கு.

உவரி கோச்: சம்பளம் வாங்காம பீச்ல பயலுவளுக்கு சொல்லித் தாரேன். ஒரு பையன் இப்போ பெரிய கிளப்ல இருக்கான். அவன் நாளைக்கி வெளிநாடு போனா எங்களுக்கு ஏதாவது வருமா?

வரலாம், ஆனா நீங்க இன்னைக்கி என்ன எழுதி வச்சிருக்கீங்கங்கிறதப் பொறுத்து. ஒரு பிளேயர் காண்ட்ராக்ட் ஓடிட்டிருக்கும்போது காசுக்கு வேற நாட்டு கிளப்புக்குப் போனா, அந்தக் காசுல 5 சதவீதத்த ஒதுக்கி, அவன 12 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் வளத்த கிளப்புங்களுக்கு பிரிச்சிக் குடுக்கணும். 12ல இருந்து 15 வரைக்கும் வருசத்துக்கு அந்த 5 சதவீதத்துல இருவதுல ஒரு பங்கு, 16ல இருந்து பத்துல ஒரு பங்கு. 1 கோடிக்கு டிரான்ஸ்ஃபர்னு வைங்க, ஒதுக்குறது 5 லட்சம். 12ல இருந்து 15 வரைக்கும் நாலு வருசம் ஒங்ககிட்ட இருந்தா 1 லட்சம், 16, 17லயும் இருந்தா இன்னும் 1 லட்சம். ஒங்களுக்கு அது எத்தன பந்து, எத்தன பூட்ஸ்!

ஆனா இந்தக் காசு கோச்சுக்கு வராது, சங்கத்துல சேந்த கிளப்புக்குத்தான் வரும். பையன் அந்த வருசங்கள்ல ஒங்க கிளப் பேருல ரெஜிஸ்டர் ஆகியிருக்கணும், இந்தியான்னா ஏஐஎஃப்எஃப்போட ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன் சிஸ்டத்துல. இப்போ ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ்னு ஒண்ணு இருக்கு, அது கம்ப்யூட்டர்ல உள்ள ரெஜிஸ்ட்ரேஷன வச்சி பிளேயர் பாஸ்போர்ட் (எந்த வருசம் எந்த கிளப்ல இருந்தான்ங்கிற பதிவு) தயார் பண்ணி காசப் பிரிக்கும். அதுல ஒங்க பேரு இல்லன்னா, நீங்க அவனுக்கு கஞ்சி ஊத்தி வளத்தத யாரும் கேக்கமாட்டாங்க.

கடக்கரை ஊர்ல ஒரு கோச்சோட நோட்டப் பாத்தேன். கோடு போட்ட நானூறு பக்க நோட்டு, உப்புக்காத்துல ஓரமெல்லாம் சுருண்டு கெடக்கு, ஒவ்வொரு பயலும் எந்தத் தேதில வந்தான், எந்தக் காலு பழக்கம், அப்பா கடலுக்குப் போன நாள்ல சாப்பிட்டானா இல்லியாங்கிற வரைக்கும் எழுதியிருக்காரு. கிளப் ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் இல்ல. அந்த நோட்டுல உள்ள ஒரு பையன் பேருலயும் அவரால ஒரு ரூவா கேக்க முடியாது. எனக்கு மனசு ஆறவே இல்ல. நீங்க இந்த வருசமே சொசைட்டியா பதிஞ்சி, மாவட்ட சங்கத்துல சேந்து, 12 வயசுப் பயலுவள பர்த் சர்டிபிகேட்டோட ஏத்திருங்க. இந்தியாக்குள்ளயே கிளப் மாறினா இந்த ஃபிஃபா கணக்கு வராதுங்கிறதயும் ஞாபகம் வச்சிக்கிடுங்க.

விக்கிரமசிங்கபுரம் தங்கச்சி: கல்யாணம் ஆயிட்டு. கொழந்த உண்டானா கிளப் காண்ட்ராக்ட முறிச்சிருவாங்கன்னு கூட ஆடுற அக்கா சொல்லுதாங்க. நெசமா?

கர்ப்பம்னு காரணம் காட்டி முறிக்கக் கூடாதும்மா. 2021ல இருந்து ஃபிஃபா விதி, கொறஞ்சது 14 வாரம் லீவு, அந்த நாள்ல மூணுல ரெண்டு பங்கு சம்பளம். ஐஸ்லாந்து கேப்டன் சாரா பியோர்க் லியோன்ல ஆடும்போது கர்ப்பமானாங்க, கிளப் முழு சம்பளம் குடுக்கல, ஃபிஃபாக்குப் போயி 82,000 யூரோக்கு மேல வாங்கினாங்க. ஆனா ஒண்ணு, இதெல்லாம் எழுத்துல காண்ட்ராக்ட் உள்ள புரொஃபஷனல் பிளேயர்க்கு. சீசனுக்கு இவ்ளோன்னு கைல காசக் குடுத்து ஆட வைக்குற டீம்ல நீ இருந்தா மொதல்ல காண்ட்ராக்ட் கேளு. சேது எஃப்சி 2019ல இந்தியன் விமன்ஸ் லீக் சாம்பியன் ஆச்சி, நம்ம தென்பக்கத்துப் பிள்ளைங்க யாருக்கும் கொறஞ்சவங்க இல்ல, கேக்க கூச்சப்படாத.

திசையன்விளை தம்பி: கோயில் கொடைக்கு நடந்த செவன்ஸ்ல (ஏழு பேரு ஆட்டம்) காசுக்கு ஆடப் போயி முட்டில லிகமென்ட் போயிட்டு. கமிட்டி ஆட்டோக் காசு மட்டும் குடுத்தாங்க. எங்க போயி கேக்க?

சங்கத்துல இதுக்கு எடம் இல்ல தம்பி, அந்த ஆட்டத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷனும் இல்ல, காண்ட்ராக்டும் இல்ல. ஊர்ப் பெரியவங்கள வச்சிப் பேசி ஏதாவது வாங்கு. அதுக்கு முன்னால பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஆர்த்தோல காட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்ட வீட்டுல இருந்தா எடுத்துட்டுப் போயி ஒனக்கு சொல்லுற ஆபரேஷன் அதுல வருதான்னு அங்க உள்ள காப்பீட்டு கவுண்டர்ல கேளு. அட்ட இல்ல, குடும்ப வருமானம் வருசத்துக்கு 1.2 லட்சத்துக்கு உள்ளன்னா வருமான சான்றிதழுக்கு விஏஓட்ட இன்னைக்கே போ. கமிட்டிக்காரங்களுக்கும் ஒரு வார்த்த, கப்புக்கும் மைக்செட்டுக்கும் வசூல் பண்ணும்போதே ஆடுற பயலுவளுக்கு குரூப் ஆக்சிடென்ட் பாலிசி ஒண்ணு எடுத்துருங்க, பேரு லிஸ்ட்ட ஆட்டத்துக்கு முந்துன நாளே இன்சூரன்ஸ்காரங்கட்ட குடுத்துரணும்.