நுகர்வோர் கேள்வி-பதில்: பில் இல்லாத தடுப்பூசி

பெரியவர்களுக்கான தடுப்பூசி பற்றி வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

எனக்கு வயது 57. ஐப்பசியில் அக்கித் தடுப்பூசியின் முதல் தவணை போட்டுக்கொண்டேன். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. இரண்டு நாள் காய்ச்சல், குளிர், கையைத் தூக்க முடியாத வலி. தை மாதம் வீட்டில் சாந்திக் கல்யாணம் இருக்கிறது. இரண்டாவது ஊசியை விட்டுவிடலாமா? (கோட்டையூர்)

விட்டுவிடாதீர்கள், அம்மா. நீங்கள் பட்டது இந்த ஊசிக்கு வழக்கமான பக்கவிளைவுதான். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்கு அது இருக்கும்; இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும். போடுவதற்கு முன்பே உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது போட்டவர்களின் தவறு. இரண்டாவது தவணையை இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்திற்குள் போடலாம் என்பதால், உங்களுக்குச் சித்திரை வரை அவகாசம் இருக்கிறது. சாந்தி முடிந்து, வந்த உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, மாசியில் வேலையில்லாத இரண்டு நாளைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசிக்குப் பின் முகம் வீங்கியோ, உடலெங்கும் தடித்தோ, மூச்சுத் திணறியோ இருந்தால் மட்டும், மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் அடுத்ததைப் போடக் கூடாது.

மஞ்சள்காமாலை பி தடுப்பூசி இரண்டு தவணை போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாவதைத் தவறவிட்டேன். முதலிலிருந்து மூன்றுக்கும் பணம் கட்டச் சொல்கிறார்கள். (தேவகோட்டை)

கட்டாதீர்கள், விடுபட்ட மூன்றாவதை மட்டும் போட்டால் போதும்.

எங்கள் அப்பத்தாவுக்குத் தனியார் கிளினிக் ஒன்றில் நிமோனியா தடுப்பூசி போட்டோம். பெட்டியில் அச்சிட்ட விலையை விட 1,200 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். பில் கேட்டபோது "ஊசிக்கெல்லாம் பில் கிடையாது" என்றார்கள். (புதுவயல்)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அச்சிட்ட விலை என்பது வரிகள் அனைத்தும் அடங்கிய உச்ச விலை. மருந்தை அதற்கு மேல் விற்க யாருக்கும் உரிமையில்லை. ஊசி போடுவதற்குக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அதைப் பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும். நீங்கள் ஜிபேயில் பணம் கொடுத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பதிவே சான்றுதான், அதை அழித்துவிடாதீர்கள். முதலில் கிளினிக்குக்கு எழுத்தில் கேளுங்கள்; பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

பில்லைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் சொந்த இழப்பும் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்காக இதே நிமோனியா ஊசியைத் திருச்சியில் ஒரு கடையில் தள்ளுபடி விலைக்கு வாங்கினேன். பில் வேண்டாமென்றால் இன்னும் இருநூறு குறையும் என்றார்கள்; நானும் ஒப்புக்கொண்டேன். சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்ததைச் சித்திரை வெயிலில் புதுக்கோட்டை வழியாகப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு காரைக்குடி வந்து சேர்ந்தேன். மருத்துவர் அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்பெட்டியில் இருந்தபோது பூத்த ஈரம் காய்ந்து அட்டை சுருங்கியிருந்தது. "எதில் வைத்துக் கொண்டு வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டு, போட மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. பெரியவர்களுக்கான தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தில் அவை வீரியம் இழக்கும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் பல ஊசிகள் கெட்டுவிடும், கெட்டது கண்ணுக்கும் தெரியாது. திருச்சிக் கடைக்காரரிடம் திரும்பிச் சென்றபோது, பில் இல்லாத சரக்கு தன்னுடையதே அல்ல என்று கைவிரித்துவிட்டார். ஆகவே, ஊசி போடும் இடத்திலேயே இருப்பு வைத்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் குளிர்ப்பையில் தரச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்கும் முன் விலை, தொகுதி எண் (Batch No.), காலாவதி நாள் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதி எண் பில்லிலும் இருக்க வேண்டும். பின்னால் உடம்புக்கு ஏதேனும் நேர்ந்து 1800 180 3024 என்ற மருந்துப் பக்கவிளைவு உதவி எண்ணில் தெரிவிக்கும்போது, அந்தத் தொகுதி எண் கையில் இருந்தால்தான் புகார் உரிய இடத்தைச் சென்றடையும்.

சென்ற ஆண்டின் ஃப்ளூ ஊசி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (பள்ளத்தூர்)

வேண்டாம். அதில் சேர்க்கும் வைரஸ் வகைகள் ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்கு உட்பட்டவை. பெட்டியில் எந்த ஆண்டுக்கானது என்று அச்சிட்டிருக்கும். புதியதை ஐப்பசி மழை பிடிக்கும் முன் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வேலைக்காக நைஜீரியா போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமலே, பழைய தேதியில் சான்றிதழ் வாங்கித் தர ஏஜென்ட் 8,000 ரூபாய் கேட்கிறார். (கானாடுகாத்தான்)

அது போலிச் சான்றிதழ். வேலை கிடைத்த நாளிலேயே விசாரிக்காமல் கடைசி வாரத்தில் எழுதுகிறீர்கள்; அந்தக் கவனக்குறைவைத்தான் ஏஜென்ட் விலை பேசுகிறார். இந்த ஊசியைக் கிண்டி கிங் ஆய்வகம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. செல்லத்தக்க சான்று இல்லாமல் அங்கிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அதைவிட, மஞ்சள் காய்ச்சல் உயிரை வாங்கும் நோய். டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள்.

தெருநாய் கடித்தது. அரசு மருத்துவமனையில் இரண்டு ஊசி போட்டேன். மருந்தும் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள். இலவசம் என்பதால் தரம் குறைவோ என்று நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. நாயை மறுபடி பார்க்கவில்லை. (காரைக்குடி)

இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடுகிறார்கள். அந்த முறைக்குக் குறைந்த அளவே போதும், பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லை. முதல் ஊசி போட்ட நாளை 0 என்று கொண்டு 3, 7, 28 ஆகிய நாட்களில் மற்றவற்றைப் போட வேண்டும். உங்களுக்கு ஏழாம் நாள் ஊசி விடுபட்டிருக்கிறது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை என்பது தெரிந்தும், காசில்லாமல் கிடைத்ததென்ற ஒரே காரணத்துக்காகப் பாதியில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்கு இன்றே செல்லுங்கள்; விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். போட்டுக்கொண்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.