ஊரைப் பார்க்க எவ்வளவு உயரம் போதும்?

வணக்கம் ஐயா,

செப்டம்பர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து எங்களிடம் வருகிறார்கள். மியூனிக்கிலிருந்து ஒருநாள் பயணமாக ஆஸ்திரியாவிலுள்ள இன்ஸ்புருக் கூட்டிப்போக நினைக்கிறோம். அலுவலக நண்பர் ஒருவர், “நேரே ஹாஃபெலேகார் மலை உச்சிக்குப் போய்விடுங்கள். பழைய ஊர், தங்கக் கூரை எல்லாம் காலடியில் தெரியும். இரண்டு மணி நேரம் போதும்” என்கிறார். அப்பா ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், 68 வயது. அம்மாவுக்கு மூட்டுவலி, இருவரும் சைவம். நண்பர் சொல்வது சரியா? எப்படித் திட்டமிடலாம்?

வாசகி, மியூனிக்

அன்புள்ள வாசகிக்கு,

தங்கக் கூரை மலையிலிருந்து தெரியாது. தூரம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கூரை தெற்கே தெருவைப் பார்த்து இருக்கிறது. நோர்ட்கெட்டே மலைத்தொடரோ ஊருக்கு வடக்கே. அங்கிருந்து பார்த்தால் அந்தக் கட்டடத்தின் முதுகுதான் நம் பக்கம். தங்கக் கூரைக்குப் பின்னால் மலை நிற்கும் புகைப்படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காக 1500-ஐ ஒட்டி முடிந்த வேலை அது. தங்க முலாம் பூசிய செப்பு ஓடுகள் 2,657. அதைத் தெருவில் நின்று பாருங்கள், இல்லையென்றால் பக்கத்திலுள்ள நகரக் கோபுரத்தில் 133 படி ஏறிப் பாருங்கள். அம்மா கீழேயே இருக்கட்டும்.

இனி மலை. ஊர் 574 மீட்டரில் இருக்கிறது. பழைய ஊரை ஒட்டிய காங்கிரஸ் (மாநாட்டு மண்டபம்) நிலையத்திலிருந்து சரிவு ரயிலில் எட்டு நிமிடத்தில் ஹங்கர்பர்க், ஏறக்குறைய 860 மீட்டர். அங்கே இறங்கி, பக்கத்து நிலையத்தில் ரோப்கார் ஏறினால் ஸேகுரூபே, 1,905 மீட்டர். மறுபடி வண்டி மாறினால் ஹாஃபெலேகார், 2,256 மீட்டர். காத்திருக்க வேண்டியிராவிட்டால் மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த வேகம்தான் உங்கள் நண்பரை ஏமாற்றியிருக்கிறது.

உச்சிக்குப் போனால் ஊர் 1,700 மீட்டர் கீழே கிடக்கும். பள்ளத்தாக்கின் தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, நடுவில் இன் ஆறு ஒரு கோடு, மேற்கே விமான ஓடுபாதை. அவ்வளவுதான் பிரியும். ஊரை ஊராகப் பார்க்க ஹங்கர்பர்க் போதும். அந்த 290 மீட்டர் உயரத்தில் ஓட்டுக் கூரைகள், புனித யாக்கோபு பேராலயத்தின் கோபுரங்கள், ஆற்றின் வளைவு, நேர் எதிரே பெர்கிஸெல் பனிச்சறுக்குத் தாவு மேடை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அந்தத் தாவு மேடையை 2002-லும், நீங்கள் வந்து இறங்கிய சரிவு ரயில் நிலையங்களை 2007-லும் வடிவமைத்தவர் ஒருவரே, ஸாஹா ஹதீத். பெரும்பாலானோர் இங்கே வண்டி மாற ஓடுவார்களே தவிர, நின்று பார்ப்பதில்லை.

ஆகவே ஊரை இறங்கும்போது பாருங்கள். இதற்கு வெளிச்சமும் ஒரு காரணம். ஊர் நமக்குத் தெற்கே இருப்பதால் நடுப்பகலில் வெயில் நேர் முகத்தில் அடிக்கும். கோடைகாலக் கடிகாரப்படி செப்டம்பரில் சூரியன் தெற்கே உச்சிக்கு வருவது பகல் 1 மணியளவில். 11-லிருந்து 3 வரை எடுக்கும் படங்களில் பள்ளத்தாக்கு வெளிறிப்போன நீலப் புகையாகத்தான் விழும். அதே நேரத்தில் உச்சியில் நின்று வடக்கே திரும்பினால் வெயில் முதுகில் விழும். கார்வெண்டல் மலைகளின் சுண்ணாம்புப் பாறைகள் வரிசை வரிசையாகப் பளிச்சென்று தெரியும். அந்தப் பக்கம் ஊர் எதுவும் கண்ணில் படாது. காலையில் உச்சிக்கு, மதியச் சாப்பாடு ஸேகுரூபேயில், 3 மணிக்குமேல் ஹங்கர்பர்க். வெயில் அப்போது பக்கவாட்டில் விழும், கூரைகளுக்கு நிழல் வரும்.

அப்பாவுக்கு உச்சி கட்டாயம் வேண்டும். விக்டர் ஹெஸ் 1912-இல் பலூனில் ஏறி, உயரப் போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டவர். அதற்காக 1936-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் 1931-இல் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் அந்தக் கதிர்வீச்சு) ஆய்வு நிலையம் அமைத்தது இதே ஹாஃபெலேகாரில்தான். மரியெட்டா பிளா, ஹெர்த்தா வாம்பாகர் என்ற இரு இயற்பியலாளர்கள் புகைப்படத் தகடுகளை இங்கே மாதக்கணக்கில் வைத்திருந்து எடுத்தார்கள். காஸ்மிக் கதிர் ஒரு அணுக்கருவைச் சிதறடித்த தடம் அவற்றில் நட்சத்திர வடிவில் பதிந்திருந்தது. அது 1937. அந்த ஆய்வு நிலையம் பார்ப்பதற்குச் சின்னக் குடில்தான். ஒரு இயற்பியல் ஆசிரியருக்கு அது போதும்.

மேல் நிலையத்திலிருந்து 2,334 மீட்டர் சிகரத்துக்குக் கால் மணி நேர நடை. பாதை சரளைக்கல், பிடிமானமுள்ள காலணி வேண்டும். ஏறும்போதல்ல, இறங்கும்போதுதான் வழுக்கும். அம்மா நிலையத்து மொட்டைமாடியிலேயே உட்காரலாம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு நாலு அடி வேகமாக வைத்தாலே மூச்சு வாங்கும், அது இயல்பு. இதய நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். காது அடைக்கும், வாயில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். ஊரைவிட 10, 11 டிகிரி குளிர் கூட. கீழே அரைக்கை போதும் என்ற நாளில் மேலே ஸ்வெட்டரும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் வேண்டும்.

எல்லாத் திட்டத்தையும் கவிழ்க்கக்கூடியது ஃப்யோன் காற்று. இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் அதிகம். தெற்கிலிருந்து வரும் காற்று ஆல்ப்ஸின் முதுகில் ஏறும்போது ஈரத்தை அங்கேயே கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கும்போது 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். 1,370 மீட்டரே உயரமுள்ள பிரென்னர் கணவாய்தான் அதற்கு வாசல். அங்கிருந்து புறப்படும் பள்ளத்தாக்கு நேரே இன்ஸ்புருக்கில் வந்து திறக்கிறது. (ஜெர்மன்காரர்கள் தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் இந்தக் காற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.) அது அடிக்கும் நாளில் வானம் கண்ணாடி போல இருக்கும், தூரத்து மலை கைக்கெட்டுவதுபோல் நிற்கும், ஆனால் காற்றின் வேகத்தால் ரோப்கார் நிறுத்தப்பட்டிருக்கும். தெற்கு முகட்டின் மேல் மட்டும் மேகம் சுவர் போலப் படிந்திருந்தால் அதுதான் அடையாளம். நேர்மாறாக, ஊரில் காலைப் பனிமூட்டம் இருந்தால் மனம் தளரவேண்டாம், அதற்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மியூனிக்கில் ரயில் ஏறுமுன் ரோப்காரின் இணையதளத்தில் நேரடி கேமராவையும் எந்தப் பகுதி ஓடுகிறது என்பதையும் பாருங்கள். பராமரிப்புக்காக மூடும் நாட்களும் அதிலேயே இருக்கும்.

உச்சிக்கு வண்டி ஓடவில்லையென்றால் ஸேகுரூபே வரை மட்டும் சீட்டு எடுங்கள், நஷ்டமில்லை. அங்கே காட்சி மேடைகளோடு 2.8 கிலோமீட்டர் பாதை ஒன்று இருக்கிறது. அம்மா முதல் மேடை வரை போய்த் திரும்பினால் போதும். அருங்காட்சியகங்களும் பார்ப்பதாக இருந்தால் 24 மணி நேர இன்ஸ்புருக் கார்டு கட்டுப்படியாகும், ரோப்காரில் ஒருமுறை போய்வருவது அதில் அடக்கம். கடைசி வண்டி கீழே இறங்கும் நேரத்தை ஏறும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நேரம் வேறு. தவறவிட்டால் ஸேகுரூபேயிலிருந்து ஆயிரம் மீட்டர் இறக்கம், மூட்டுவலிக்காரர்களால் ஆகாது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப்பைச் சைவம் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். உருண்டையில் இறைச்சி இருக்காது, ஆனால் அது மிதப்பது பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில். கேஸ்ஷ்பெட்ஸ்லே (பாலாடைக்கட்டி சேர்த்த மாவுத் துண்டுகள்) வாங்கலாம், மேலே வறுத்த வெங்காயம் வரும். இனிப்புக்குக் கைஸர்ஷ்மார்ன், பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம். இரண்டிலும் முட்டை உண்டு. முட்டையும் ஆகாதென்றால் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.