அப்டேட்டுக்குப் பிறகு அசையாத டேப்லெட்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய அப்டேட் ஒன்று போட்டதிலிருந்து டேப்லெட் மெதுவாகிவிட்டது என்று கொங்குப் பகுதி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் எல்லோருக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பையன் பத்தாவது படிக்கிறானுங்க. பாடம் பார்க்கன்னு வாங்கின டேப்லெட், 3 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ். போன ஞாயித்துக்கிழமை ஆண்ட்ராய்டு 13-லிருந்து 14-க்கு மாறுச்சு. அதுலிருந்து நெம்ப மெதுவாயிருச்சு. ஆப்பைத் தொட்டுட்டு, அடுப்புல பாலை வெச்சுட்டு வந்தாத்தான் திறந்திருக்குது. கெட்டுப்போச்சுங்களா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். நாலைந்து நாள்தான் ஆகியிருக்கிறது என்பதால், அப்டேட்டின் பாக்கி வேலை இன்னும் உள்ளே நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆப்களை அந்தந்தக் கருவியின் சிப்புக்கு ஏற்ற வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்வது ஆண்ட்ராய்டின் வழக்கம். அதனால்தான் தொட்டவுடன் திறக்கின்றன. அடித்தளமான ஆண்ட்ராய்டே மாறும்போது, அப்படி மாற்றி வைத்ததில் பெரும்பகுதி செல்லாமல் போய்விடும். எல்லா ஆப்பையும் முதலிலிருந்து மாற்ற வேண்டும். கூடவே படங்களை மறுபடி பட்டியலிட வேண்டும், ஆப்களின் புதிய பதிப்புகளை இறக்க வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பாலானவை திரை அணைந்து, சார்ஜில் கிடக்கும்போதுதான் நடக்கும். பல வீடுகளில் படுக்கப்போகும் முன் ரவுட்டரையும் பிளக்கையும் அணைத்துவிடுகிறோம். நல்ல பழக்கம்தான், ஆனால் அப்டேட் போட்ட வாரத்தில் மட்டும் வேண்டாம். தொடர்ந்து மூன்று இரவு வைஃபை ஓடட்டும், டேப்லெட் சார்ஜில் இருக்கட்டும், அதை யாரும் தொட வேண்டாம். மெத்தை மேல் வைக்காமல், உறையைக் கழற்றி மேசை மேல் வையுங்கள். சூடேறினால் வேலை நின்று நின்று நடக்கும்.

அதற்கு முன் இடம் ஒழிக்க வேண்டும். உங்கள் டேப்லெட்டில் இதுதான் தலையாய வேலை. 32 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட பாதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். மீதியில் வகுப்பு வீடியோக்களும் வாட்ஸ்அப் படங்களும் ஏறி, கடைசியில் 1 ஜிபிகூடக் காலியிருக்காது. டேப்லெட்டுகளில் இருக்கும் ஸ்டோரேஜில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பாத்தி முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். களம் முழுக்க மஞ்சள் காயும்போது புது வண்டி வந்து நின்றால் என்ன செய்வோம்? ஒரு மூலையை ஒதுக்கி, அள்ளி மூட்டை கட்டி, அப்புறம்தான் புதுசைக் கொட்ட முடியும். நிறைந்த ஸ்டோரேஜில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் இப்படித்தான் நடக்கிறது. விலை குறைந்த டேப்லெட்டுகளில் இருக்கும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் இயல்பிலேயே மெதுவானது, அதனால் தாமதம் கண்ணுக்கே தெரியும்.

குறைந்தது 5 ஜிபி காலியாக இருக்க வேண்டும், 6 இருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போனால் பெரிய வீடியோக்கள் வரிசையாக வரும், அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து யூடியூபிலும் பாட ஆப்பிலும் பார்த்து முடித்த டவுன்லோடுகள். படங்களை அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று பலர் திகைப்பார்கள். அழித்தவை கேலரியின் குப்பைத் தொட்டியில் கிடக்கும், தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும். ஆப்களைப் பொறுத்தவரை, தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும் ‘கிளியர் கேஷ்’ தாராளமாக அழுத்தலாம். பக்கத்திலேயே இருக்கும் ‘கிளியர் டேட்டா’வைத் தொட்டால் லாகினும் இறக்கி வைத்த பாடங்களும் போய்விடும், கவனம்.

பிறகு பிளே ஸ்டோரில் எல்லா ஆப்பையும் அப்டேட் செய்யுங்கள். ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். பல ஆப்கள் தங்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்ட இதைத்தான் நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் இதன் கோளாறான ஒரு பதிப்பு வெளியானபோது, உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. எல்லாம் முடிந்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட்.

ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள். பவர் மெனுவில் ‘பவர் ஆஃப்’ என்பதை விரலெடுக்காமல் அழுத்தினால் ‘சேஃப் மோட்’ வரும். அதில் நீங்கள் நிறுவிய ஆப் எதுவும் ஓடாது. அங்கே வேகமாக இருந்தால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப்தான். கடைசியாக நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். சேஃப் மோடிலும் மெதுவாகவே இருந்தால், கீழே பவானி வாசகருக்குச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷன்ல பீஸ் கணக்கு ஏத்த டேப்லெட் வெச்சிருக்கோமுங்க. அப்டேட்டுக்கு அப்புறம் காலையில நல்லா ஓடுது, மத்தியானம் ஆனா திணறுது. ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் காலையில 60 சதவீதத்துக்கு மேல ஏறுறதில்லை.
— வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. மத்தியானம் திணறுவதற்குக் காரணம் சூடு. சார்ஜ் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் பஞ்சு. அப்டேட் செய்ததெல்லாம், ஏற்கெனவே இருந்த குறைகளின் மேல் கூடுதல் வேலையை ஏற்றியதுதான்.

சார்ஜ் பின் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். பனியன் கம்பெனிக் காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசி அதற்குள் படியும். ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் அதை உள்ளே தள்ளித் தள்ளி, அடியில் கம்பளித் துண்டு போல இறுக்கிவிடுவோம். கேபிள் ‘டிக்’கென்று உட்காராமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலோ, லேசாக ஆட்டினால் சார்ஜ் விட்டு விட்டு வந்தாலோ இதுதான் சங்கதி. முதலில் டேப்லெட்டை முழுதாக அணையுங்கள். பல் குத்தும் மரக்குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். துளையின் நடுவே மெல்லிய நாக்கு போல ஒரு தகடு இருக்கும், அதில் குச்சி படக்கூடாது. அதற்கு மேலும் கீழும் உள்ள இடைவெளியில் குச்சியை விட்டு, பஞ்சை ஓரத்திலிருந்து மெதுவாக வெளியே இழுங்கள். ஊக்கு, குண்டூசி எதுவும் வேண்டாம். தையல் மெஷினை ஊதும் கம்ப்ரசர் காற்றை இதில் அடிக்கவே கூடாது. அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்து வரும், பஞ்சும் இன்னும் ஆழமாகப் போய்விடும்.

சார்ஜரையும் பாருங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது வெறும் 5 வாட். பழைய போனுக்குப் போதும், பெரிய பேட்டரி உள்ள டேப்லெட்டுக்குக் காணாது. உங்கள் டேப்லெட் எத்தனை வாட் வாங்கும் என்று அதன் விவரக்குறிப்பில் பார்த்து அதே அளவில் நல்ல சார்ஜரும் கேபிளும் வாங்குங்கள்.

சூட்டுக்கு வருவோம். உள்ளே வெப்பம் ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது கோளாறில்லை, தற்காப்பு. லித்தியம் பேட்டரி 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் சார்ஜ் ஏறுவதும் குறையும், நிற்கவும் செய்யும். அயர்ன் மேசைக்கும் ஸ்டீம் பாய்லருக்கும் பக்கத்திலிருந்து டேப்லெட்டை நகர்த்துங்கள். ஃபேன் காற்று முதுகில் படுகிற மாதிரி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பகல் முழுக்க சார்ஜிலேயே இருப்பதென்றால், பேட்டரி செட்டிங்ஸில் 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து ஆன் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். திரை ஓரம் லேசாகத் தூக்கியிருந்தாலோ, தரையில் வைத்தால் டேப்லெட் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். பஞ்சு நிறைந்த இடத்தில் அதை வைத்திருப்பது ஆபத்து.

கேள்வி: ஐபேட் எட்டாம் தலைமுறை, 32 ஜிபி வைத்திருக்கிறேன். ஐபேட்ஓஎஸ் 26 போடச் சொல்லி அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. போடலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: 2025 செப்டம்பரில் வந்த அந்தப் பதிப்பு, ஏழாம் தலைமுறை ஐபேடைக் கைவிட்டுவிட்டது. சாதாரண ஐபேட் வரிசையில் அதைப் போட முடிகிற மிகப் பழைய கருவி உங்களுடையதுதான். ஏ12 சிப், 3 ஜிபி ராம். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் புதிய தோற்றம் இந்தப் பதிப்பின் அடையாளம், அதை வரைய சிப் கூடுதலாக உழைக்க வேண்டும். போட்ட பிறகு பிடிக்கவில்லையென்றால் பழையதற்குத் திரும்ப முடியாது. பழைய பதிப்புகளுக்கு ஆப்பிள் அனுமதிக் கையொப்பமிடுவதைச் சில வாரங்களிலேயே நிறுத்திவிடும்.

ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் என்பதால் காலத்துக்கும் தள்ளிப்போடவும் கூடாது. 26.0-ஐத் தாண்டிய திருத்தப் பதிப்பையே எடுங்கள். கம்ப்யூட்டரில் முழு பேக்கப் எடுத்துவிட்டு, அப்டேட்டையும் கம்ப்யூட்டர் வழியாகவே போடுங்கள். இறக்கும் வேலை கம்ப்யூட்டரில் நடப்பதால் ஐபேடில் அத்தனை காலியிடம் தேவைப்படாது, 32 ஜிபிக்கு இது பெரிய வித்தியாசம். போட்டு முடித்ததும் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, ‘டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்’ போய் ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்ஸி’யை ஆன் செய்யுங்கள். ‘மோஷன்’ பகுதியில் ‘ரெட்யூஸ் மோஷன்’. ‘ஜெனரல்’ பகுதியில் ‘பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்’ என்பதைத் தேவையான இரண்டு மூன்று ஆப்களுக்கு மட்டும் விடுங்கள். முதல் சில நாள் சூடாவதும் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் இங்கேயும் உண்டு. தேடல் பட்டியலையும் படங்களையும் அது மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ராம் கிளீனர், பூஸ்டர் ஆப் போட்டால் சரியாகுமா?
— வாசகி, நாமக்கல்

பதில்: ஆகாது. பின்னால் நிற்கும் ஆப்களை அது மூடும், ஆண்ட்ராய்டு உடனே மறுபடி திறக்கும், வேலை இரட்டிப்பாகும். விளம்பரம் வேறு. இருந்தால் இன்றே நீக்குங்கள். நீங்களே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடுவதிலும் இதே நஷ்டம்தான். சிக்கி நிற்கும் ஒன்றை மட்டும் மூடினால் போதும்.

கேள்வி: ரிப்பேர் கடையில் பழைய ஆண்ட்ராய்டையே திரும்பப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். இல்லையென்றால் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்கிறார்கள். எது சரி?
— வாசகர், பவானி

பதில்: முதலாவது வேண்டவே வேண்டாம். பல கருவிகளில் பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் பூட்டு உள்ளேயே இருக்கிறது. வலுக்கட்டாயமாகப் போனால் டேப்லெட் திறக்காமலே போகலாம். டேப்லெட் ஆன் ஆகும்போது ஆண்ட்ராய்டை ஏற்றும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறந்து போட்டுத் தந்தாலும், பல வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் ஓட மறுக்கும்.

ரீசெட் பலன் தரும், ஆனால் அது கடைசி மருந்து. அதற்கு முன் கேஷ் பார்ட்டிஷனை, அதாவது ஆண்ட்ராய்டின் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் பகுதியை, மட்டும் அழிக்கும் வசதி சில டேப்லெட்டுகளில் உண்டு. இதில் உங்கள் படமோ ஆப்போ போகாது. சாம்சங் என்றால் அணைத்துவிட்டு, புதிய மாடல்களில் யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, வால்யூம் அப் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் ரிகவரி மெனு வரும். வால்யூம் பட்டனில் நகர்ந்து ‘வைப் கேஷ் பார்ட்டிஷன்’ மேல் நிறுத்தி பவர் பட்டனை அழுத்துங்கள். அதே பட்டியலில்தான் ‘வைப் டேட்டா’ என்ற வரியும் இருக்கிறது. அது மொத்தத்தையும் துடைத்துவிடும், அவசரத்தில் வரி மாறிவிடக் கூடாது.

ரீசெட்தான் என்று முடிவானால், படங்களை வேறிடத்தில் நகலெடுங்கள், வாட்ஸ்அப்பில் பேக்கப் போடுங்கள், மெமரி கார்டு இருந்தால் கழற்றி வையுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று இன்னொரு போனில் உள்ளே போய்ச் சரிபாருங்கள். ரிகவரி மெனு வழியாக ரீசெட் செய்த டேப்லெட், பழைய கணக்கைக் கேட்காமல் உள்ளே விடாது. பாஸ்வேர்டு மறந்து கடை கடையாக அலைபவர்கள் நிறைய. முடித்த பிறகு பழைய ஆப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திரும்ப ஏற்றினால் பழைய நிலைமைதான். உடனடித் தேவையுள்ள ஏழெட்டை மட்டும் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள், மற்றவை ஒவ்வொன்றாக வரட்டும்.

கேள்வி: பில்ட் நம்பரை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷனில் அனிமேஷன் அளவை 0.5 ஆக்கினால் வேகம் கூடும் என்கிறார்களே?
— கல்லூரி மாணவர், பெருந்துறை

பதில்: திரை மாறும் அசைவு பாதி நேரத்தில் முடிவதால் கண்ணுக்கு வேகமாகத் தெரியும், உள்ளே வேகம் கூடுவதில்லை. டெவலப்பர் ஆப்ஷன் ஆனில் இருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்காது. அதே பலனை அக்சஸிபிலிட்டியில் உள்ள ‘ரிமூவ் அனிமேஷன்ஸ்’ தருகிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

கேள்வி: கார்டில் இருக்கிற படங்களைத் திறந்தால் மட்டும் டேப்லெட் உறைந்து நிற்கிறது. மற்றபடி பரவாயில்லை.
— வாசகர், கரூர்

பதில்: கார்டு தேய்ந்திருக்கும். ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் ‘அன்மவுண்ட்’ கொடுத்துவிட்டுக் கழற்றி, ஒரு நாள் கார்டு இல்லாமல் ஓட்டுங்கள். உறைவது நின்றால் படங்களைக் கம்ப்யூட்டரில் உடனே நகலெடுத்துவிட்டு, ஏ1 அல்லது ஏ2 என்று அச்சிட்ட நல்ல கார்டு வாங்குங்கள். கார்டை டேப்லெட்டின் உள் ஸ்டோரேஜோடு இணைத்து வைத்திருந்தால் மட்டும் அப்படியே பிடுங்காதீர்கள். அதில் உள்ளவற்றை முதலில் உள் ஸ்டோரேஜுக்கு மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் ஆப்களும் படங்களும் திறக்காது.