சிஸ்டரைக் கேளுங்கள்: கறுத்த தோலும் படுக்கைப் புண்ணும்

கேள்வி: வணக்கம் சிஸ்டர். தனியார் மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கிறேன். படுக்கைப் புண் வராமல் தடுப்பது பற்றிப் புதுத் தாதிகளுக்கு வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரேடன் அளவுகோல் (ஈரம், அசைவு போன்ற பிரிவுகளில் மதிப்பெண் போட்டுப் படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிப்பது), புண்ணின் நிலைகள் எல்லாம் ஸ்லைடில் போட்டுவிட்டேன். வேறென்ன சேர்க்கலாம்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஸ்லைடு இருக்கட்டும் தங்கச்சி, பாதி வகுப்பையாவது வார்டுக்குள் நடத்துங்கள்.

முதல் நிலை என்றால் 'அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு' என்று புத்தகத்தில் இருக்கும். படத்தில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் வார்டில் படுத்திருப்பதோ பால்மரம் வெட்டிய தாத்தாக்களும் செம்பனைக் காட்டில் உழைத்த பாட்டிகளும். அவர்களுடைய கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோ இருக்கும், அவ்வளவுதான். எனக்கு இதுதான் பெரிய கவலை. கையால் பார்க்கப் பழக்குங்கள். புறங்கையை வால் எலும்பின் மேல் வைத்து, அப்புறம் பக்கத்துத் தோலில் வைக்கட்டும். சூட்டில் வித்தியாசம் இருக்கிறதா? விரலுக்குக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ படுகிறதா? "இங்க வலிக்குதா தாத்தா?" என்று கேட்கவும் வேண்டும். குதிகாலையும் விடக்கூடாது. காலுறையைக் கழற்றாமல் 'குதிகால் பார்த்தாச்சு' என்று எழுத என் வார்டில் யாரையும் விட்டதில்லை.

அப்புறம் ஒவ்வொரு தாதியையும் கட்டிலில் படுக்க வைத்துத் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். உடம்பு கீழே சரியும், தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே சதை இழுபடும். அந்த இழுப்பை உணர்ந்தவர் காரணமில்லாமல் 30 டிகிரிக்கு மேல் தூக்கமாட்டார். சரிந்த நோயாளியைத் தரதரவென்று இழுக்காமல், இன்னொருவரைக் கூப்பிட்டு விரிப்போடு தூக்குவார்.

பிரேடனில் மொத்த மதிப்பெண் 18-ம் அதற்குக் கீழேயும் என்றால் ஆபத்து என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். எந்தப் பிரிவில் மதிப்பெண் குறைந்தது என்று கேளுங்கள். ஈரத்தில் என்றால் பேம்பர்ஸை உடனுக்குடன் மாற்ற வேண்டும். அசைவில் என்றால் இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பதில் தொடங்கி, தோலைப் பார்த்து நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பக்கவாட்டிலும் 30 டிகிரி சாய்வு போதும். முழுக்கச் சாய்த்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்த பிறகு, குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றிப் போய்வர வேண்டும்.

குடும்பத்தாரையும் மறக்காதீர்கள். கறுத்துப்போன இடத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள், பாசத்தில்தான். ஆனால் நைந்த சதை அதில் இன்னும் கெடும். வளைய மெத்தையும் வேண்டாம், ஓரத்தில் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். டாக்டர் தடுக்காவிட்டால் முட்டை, மீன், பருப்பு ஊட்டச் சொல்லுங்கள். திருப்பும்போது அவர்களையும் பக்கத்தில் நிறுத்திச் செய்து காட்டுங்கள். வீட்டுக்குப் போனால் அந்த வேலை அவர்களுடையது.