பர்கூர் மலையில் மாடு மேய்க்கத் தடை: எந்தக் காட்டுக்கு?

ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் மாடு மேய்க்கும் உங்களிடம், எல்லாக் காட்டுக்கும் மேய்ச்சல் தடை என்று வனக்காவலர் சொன்னது சரியல்ல. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் அப்படித்தான் சொன்னது. அதே மாதம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் மூன்றுக்கும் மட்டும் என்று மாற்றியது.

ஆனால் உங்கள் மேய்ச்சல் தடம் 2024 ஜனவரியில் அறிவித்த தந்தை பெரியார் சரணாலயத்துக்குள் வந்திருக்கலாம். முன்பு காப்புக்காடாக இருந்த இடம் இப்போது சரணாலயம். அரசாணையின் எல்லை விவரத்தில் உங்கள் காட்டின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இருந்தாலும் வழி அடைபடவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் 3(1)(ஈ) பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது, சரணாலயத்துக்குள்ளும். தனி ஆளாக மனு கொடுத்து அலையாதீர்கள். கிராமசபை வழியாக, சமூக உரிமை கோரும் 'பி' படிவம் கொடுங்கள். "காலங்காலமாக மேய்க்கிறோம்" என்று பொதுவாக எழுதினால் நிற்காது. எந்த மாதம், எந்தத் தடம், எந்தப் பள்ளத்தில் தண்ணி, பட்டி போடும் இடம் எது, எத்தனை உருப்படி என்று எழுதுங்கள். குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும்: பழைய மேய்ச்சல் ரசீது, மனுதாரர் அல்லாத ஒரு பெரியவரின் எழுத்து வாக்குமூலம். தாத்தா காலத்து ரசீது மடிப்பில் கிழிந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் பலம்.

பழங்குடி அல்லாதவர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் சிக்குவது இங்கேதான்.

தடுப்பூசி போடாத மாட்டைச் சரணாலயத்துக்குள் விடுவது தனிக் குற்றம். கால்நடை மருந்தகச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.